பதிப்புரிமையை முதலில் கேட்டது யார்?

பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளர்களைக் காப்பாற்றப் பிறந்ததா, அல்லது புத்தக முதலாளிகள் தங்கள் லாபத்துக்காகப் போட வைத்ததா என்பது கேள்வி.

கேட்டது வியாபாரிகள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கேட்டபடி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கையில் இருக்கும் நூல்கள் என்றென்றைக்கும் தங்களுக்கே என்று எழுதித் தரச் சொன்னார்கள். பாராளுமன்றம் காலக்கெடு வைத்துத்தான் தந்தது. எழுத்தாளரின் பெயர் இந்த இழுபறிக்கு நடுவே வாதத்துக்குத் துணையாக உள்ளே வந்தது. வந்தது பிறகு போகவில்லை. இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் கதையைத்தான் பார்க்க வேண்டும். இன்று நாம் பதிப்புரிமை என்று சொல்வதன் முதல் சட்ட வடிவம் அங்கேதான் உருவானது.

அச்சு வருவதற்கு முன்பே லண்டனில் பிரதி எடுப்பவர்கள், அட்டை கட்டுபவர்கள், புத்தகம் விற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தொழிற்குழு வைத்திருந்தார்கள். ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்று பெயர். 1557ல் மேரி அரசியும் அவர் கணவர் பிலிப்பும் அதற்கு அரச சாசனம் கொடுத்தார்கள். அரசிக்கு ஒரு தலைவலி: கத்தோலிக்க மதத்தைத் தாக்கும் நூல்கள் அச்சாகிப் பரவிக்கொண்டிருந்தன. குழுவுக்கு வேறொரு தலைவலி: வெளியாட்கள் போட்டிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரே சாசனத்தில் இரண்டுக்கும் மருந்து கிடைத்தது. குழுவின் உறுப்பினரையும் அரசரிடம் தனி அனுமதி பெற்றவரையும் தவிர வேறு யாரும் இங்கிலாந்தில் அச்சடிக்கக் கூடாது. குழுவினர் கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் புகுந்து சோதனை போடலாம், மீறி அச்சடித்ததைப் பறிமுதல் செய்யலாம், ஆளைச் சிறைக்கும் அனுப்பலாம். சம்பளம் கொடுக்காமலே அரசுக்கு ஒரு தணிக்கைப் படை அமைந்தது, வியாபாரிகளுக்கு நாடு தழுவிய ஏகபோகம் அமைந்தது. அடுத்து வந்த எலிசபெத் அரசி நாட்டின் மதத்தையே மாற்றினார், ஆனால் இந்தச் சாசனத்தில் கை வைக்கவில்லை. 1559ல் அதை உறுதி செய்தார். யார் ஆண்டாலும் அச்சகத்தைக் கண்காணிக்க ஆள் தேவைப்பட்டது.

பதிப்புரிமையின் கரு இந்தக் குழுவின் பதிவேட்டில் இருக்கிறது. ஓர் உறுப்பினர் எப்படியாவது ஒரு கையெழுத்துப் பிரதியைக் கைக்குக் கொண்டுவந்து, சில பென்ஸ் கட்டணம் கட்டி, நூலைத் தன் பெயரில் பதிந்துவிட்டால் அந்த நூல் அவருடையது. மற்ற உறுப்பினர்கள் அதை அச்சடிக்கக் கூடாது. கெடு ஏதும் கிடையாது. அதை விற்கலாம், மனைவிக்கு எழுதி வைக்கலாம், ஆனால் எல்லாமே குழுவுக்குள்தான். எழுதியவர் உறுப்பினர் இல்லை என்பதால் அவர் பெயரில் அந்தப் பதிவேட்டில் உரிமை ஏற முடியாது.

1623 நவம்பர் 8ஆம் தேதிப் பதிவு ஒன்று இதை நன்றாகக் காட்டும். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய நாடகங்களைத் திரட்டிப் பெரிய தொகுப்பாகக் கொண்டுவர எட்வர்ட் பிளவுண்ட், ஐசக் ஜாகர்ட் என்ற இருவர் 16 நாடகங்களைத் தங்கள் பெயரில் பதிகிறார்கள். இதற்கு முன் வேறு ஆட்கள் பெயரில் பதியப்படாத நாடகங்கள் மட்டும் என்று அதில் குறிப்பு இருக்கிறது. அதாவது, மற்ற பல நாடகங்கள் ஏற்கெனவே வேறு வேறு கடைக்காரர்களின் சொத்து. ஷேக்ஸ்பியரின் குடும்பம் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. இதில் யாரும் தப்பு செய்ததாக அன்று யாருக்கும் தோன்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைய நடைமுறை அப்படி.

1641ல் ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றம் ஒழிக்கப்பட்டது. அச்சுக்கூடங்களைக் கட்டுப்படுத்திய அதன் ஆணைகளும் அதோடு போயின. லண்டனில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள். குழு சும்மா இருக்குமா? பாராளுமன்றத்திடம் மனுவோடு போனது. 1643ல் பாராளுமன்றம் மறுபடி முன்தணிக்கையைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து 1644ல் கவிஞர் ஜான் மில்டன் எழுதிய புகழ்பெற்ற சிறுநூலில் ஓர் இடம் உண்டு: இந்த ஆணைக்குப் பின்னால் புத்தகத் தொழிலின் பழைய ஏகபோகக்காரர்கள் சிலரின் சூழ்ச்சி இருக்கலாம் என்று அவர் சந்தேகப்படுகிறார். அதே மூச்சில், அவரவர் பிரதி அவரவருக்கு உரியது என்பதை மறுக்கக் கூடாது என்றும் சேர்க்கிறார். அவருக்குத் தணிக்கைதான் எதிரி. நூலைக் கடைக்காரரின் சொத்தாகப் பார்ப்பதில் அவருக்குச் சிக்கல் தெரியவில்லை.

அதே மில்டன் 1667 ஏப்ரல் 27ஆம் தேதி, கண் பார்வை இழந்த நிலையில், ‘பாரடைஸ் லாஸ்ட்’ என்ற தன் பெருங்காவியத்தைச் சாமுவேல் சிம்மன்ஸ் என்ற அச்சகக்காரருக்கு விற்றார். ஒப்பந்தம் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கையில் 5 பவுண்டு. முதல் பதிப்பில் 1,300 பிரதிகள் விற்றால் இன்னொரு 5 பவுண்டு. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளும் அதேபோல் விற்றால் தலா 5. அவர் உயிரோடு இருக்கும்போது வாங்கியது மொத்தம் 10 பவுண்டு. 1674ல் இறந்தார். 1680ல் அவர் மனைவி 8 பவுண்டு வாங்கிக்கொண்டு மிச்சமிருந்த எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்தார். ஆக 18 பவுண்டு. சிம்மன்ஸ் அதை 25 பவுண்டுக்கு வேறொரு வியாபாரிக்கு விற்றார். அவரிடமிருந்து 1683ல் பாதியையும் 1690ல் மீதியையும் ஜேக்கப் டான்சன் என்ற பதிப்பாளர் வாங்கினார். டான்சன் திறமைசாலி. 1688ல் படங்களோடு பெரிய அளவில் ஒரு பதிப்பு கொண்டுவந்து, காவியத்தை ஒவ்வொரு படித்த வீட்டிலும் இருக்க வேண்டிய நூலாக ஆக்கினார். ஓவியர் நெல்லர் வரைந்த உருவப்படத்தில் டான்சன் கையில் பிடித்திருப்பது இந்த நூலைத்தான். தனக்கு அதிக லாபம் தந்த கவிஞர் மில்டன் என்று அவர் சொன்னதாகவும் பதிவு உண்டு. டான்சன் குடும்பத்தை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் மறுபடி வருவார்கள்.

1662ல் மன்னராட்சி திரும்பிய கையோடு வந்த உரிமச் சட்டம் பழைய ஏற்பாட்டைச் சட்டமாகவே ஆக்கியிருந்தது. கெடு முடியும்போதெல்லாம் நீட்டிக்க வேண்டிய சட்டம் அது. 1695ல் பாராளுமன்றம் நீட்டிக்க மறுத்துவிட்டது. இப்படி மறுக்க வைக்க வேலை செய்தவர்களில் ஒருவர் தத்துவ அறிஞர் ஜான் லாக். பாராளுமன்ற உறுப்பினரான தன் நண்பர் எட்வர்ட் கிளார்க்குக்கு அவர் எழுதிய குறிப்பில் பேச்சுச் சுதந்திரத்தைவிட வியாபாரக் கோபம்தான் அதிகம் தெரிகிறது. லத்தீன் செவ்வியல் நூல்களைக் குழு தன் பிடியில் வைத்துக்கொண்டு மோசமாக அச்சடித்து அதிக விலைக்கு விற்கிறது, ஹாலந்திலிருந்து வரும் நல்ல பதிப்புகளையும் தடுக்கிறது என்கிறார். அச்சு என்றாலே என்னவென்று தெரியாத காலத்தில் வாழ்ந்த ஆசிரியர்களின் நூல்களுக்கு இன்று ஒருவன் உரிமை கொண்டாடுவது என்ன நியாயம் என்று கேட்கிறார். எனக்கு இந்தக் குறிப்பு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு வாசகர், விலை கொடுத்து வாங்குகிற வாசகர், இந்த விவகாரத்தில் முதன்முறையாகக் கணக்கில் வருகிறார்.

சட்டம் போனதும் குழுவின் பதிவேட்டுக்குப் பின்னால் இருந்த அரசின் கை விலகிவிட்டது. திருட்டுப் பதிப்புகள் பெருகின. வியாபாரிகள் மறுபடி மறுபடி பாராளுமன்றக் கதவைத் தட்டினார்கள். முதலில் பழைய பல்லவிதான்: தணிக்கை வேண்டும், தேசத்துரோக நூல்களை ஒடுக்க வேண்டும், அதற்கு நாங்கள் வேண்டும். அது எடுபடவில்லை. அப்புறம்தான் பேச்சு மாறியது. எழுதுகிறவர்கள் பாவம், அவர்கள் உழைப்பு திருடு போகிறது, கல்வி வளர வேண்டுமானால் அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று மனுக்கள் வரத் தொடங்கின.

இந்த வாதத்தை வியாபாரிகள் வெறுங்கையில் உருவாக்கிவிடவில்லை. எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1701ல் எழுதிய ஒரு கவிதையைத் திருட்டு அச்சகங்கள் மலிவாக அச்சடித்துத் தெருத்தெருவாக விற்றன. அவர் 1704 முதல் இதைப் பற்றிக் காட்டமாக எழுதிக்கொண்டே இருந்தார். எழுத்தாளரின் வலி உண்மையானது. அந்த வலியைப் பாராளுமன்றத்துக்குள் கொண்டுபோகும் பணமும் ஆள்பலமும் வியாபாரிகளிடம் இருந்தன, டீஃபோவிடம் இல்லை.

1710ல் ஆன் அரசி காலத்துச் சட்டம் வந்தது. அதன் முன்னுரை, ஆசிரியர்களின் அல்லது உரிமையாளர்களின் சம்மதமின்றி அச்சடிப்பதால் அவர்களும் அவர்கள் குடும்பங்களும் அடிக்கடி அழிவுக்கே ஆளாகிறார்கள் என்று சொல்கிறது. உள்ளே நுழைந்து பார்த்தால், வியாபாரிகளுக்குப் பிடிக்காத விஷயங்கள் நிறைய. புதிய நூலுக்கு 14 ஆண்டுதான் உரிமை. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் உரிமை அவரிடமே திரும்பும், இன்னொரு 14 ஆண்டுக்கு. ஏற்கெனவே அச்சில் இருந்த நூல்களுக்கு 21 ஆண்டு, அதோடு சரி. உரிமை வைத்திருக்கக் குழுவின் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, எழுதியவரே வைத்துக்கொள்ளலாம். விலை அநியாயம் என்று தோன்றினால் கேண்டர்பரி பேராயர் போன்ற பெரிய பதவிக்காரர்களிடம் யாரும் புகார் செய்யலாம், அவர்கள் விலையைக் குறைக்கலாம். இந்தப் பிரிவு 1739ல் நீக்கப்பட்டது. ஒன்பது பிரதிகள் நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும். திருட்டுப் பதிப்பு பிடிபட்டால் தாள் ஒன்றுக்கு ஒரு பென்னி அபராதம், பாதி அரசிக்கு, பாதி வழக்குப் போட்டவருக்கு.

பதிவு மட்டும் இன்னும் குழுவின் அலுவலகத்தில்தான். ஆனால் அங்கேயும் ஒரு பூட்டு: குழுவின் எழுத்தர் பதிய மறுத்தால், அரசிதழில் விளம்பரம் கொடுத்தாலே பதிந்ததாகக் கொள்ளலாம். வியாபாரிகள் கொண்டுவந்த மசோதாவை உறுப்பினர்கள் எவ்வளவு சந்தேகத்தோடு படித்தார்கள் என்பதற்கு இந்த ஒரு பிரிவு போதும்.

சரி, சட்டம் வந்துவிட்டது, நடைமுறை மாறியதா? இல்லை. லண்டன் வியாபாரிகள் நூலுரிமைகளைப் பங்கு பங்காகப் பிரித்துத் தங்களுக்குள் மட்டும் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அழைப்பு உள்ளவர்கள்தான் உள்ளே போக முடியும். 1731ல் பழைய நூல்களின் 21 ஆண்டுக் கெடு முடிந்தது. ஷேக்ஸ்பியரும் மில்டனும் சட்டப்படி எல்லோருக்கும் பொது. ஆனால் ஏலங்களில் அவர்கள் பங்கு கைமாறிக்கொண்டேதான் இருந்தது. 1735லும் 1737லும் காலத்தை நீட்டக் கேட்டுப் பாராளுமன்றம் போனார்கள், கிடைக்கவில்லை. உடனே நீதிமன்றப் பாதையைப் பிடித்தார்கள். ஒருவன் தன் உழைப்பால் படைத்தது இயற்கையாகவே அவன் சொத்து, அதற்கு முடிவே கிடையாது, 1710 சட்டம் அந்த உரிமைக்கு மேல் ஒரு கூடுதல் பாதுகாப்பு மட்டுமே என்பது வாதம். ஆசிரியரின் நிரந்தர உரிமை! அதை அவர் எங்களுக்கு விற்றுவிட்டார், ஆகவே எங்களுடைய நிரந்தர உரிமை.

இந்த வாதம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு மில்டன் குடும்பத்தைப் பார்க்கலாம். 1739ல், கெடு முடிந்து எட்டு ஆண்டு கழித்து, டான்சன் குடும்பத்தார் ராபர்ட் வாக்கர் என்ற மலிவுப் பதிப்பாளருக்கு எதிராக மில்டன் காவியத்துக்குத் தடையாணை வாங்கினார்கள். ஆதாரமாகக் காட்டியது அந்த 1667 விற்பனைப் பத்திரத்தைத்தான். 1752ல், புதிய உரைக்குறிப்புகளோடு வந்த பதிப்பை முன்வைத்து, மறுபடி ஒரு தடையாணை. இந்த இரண்டுக்கும் நடுவில், 1750 ஏப்ரலில், மில்டனின் பேத்தி எலிசபெத் ஃபாஸ்டருக்கு உதவ லண்டனில் ஒரு நிதிநாடகம் நடந்தது. அந்த அம்மாள் ஷோர்டிச் பக்கம் ஒரு சின்ன மளிகைக் கடை நடத்திக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். தாத்தா எழுதிய கவிநாடகம் ஒன்றை மேடையேற்றினார்கள், எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் முன்னுரைக் கவிதை எழுதினார். வசூல் 130 பவுண்டு. டான்சன் வீட்டார் 20 பவுண்டு நன்கொடை கொடுத்தார்கள். ஜான்சன் அதை மனமாரப் பாராட்டியிருக்கிறார். நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனதோடு கொடுத்திருப்பார்கள். ஆனால் ஆசிரியரின் நிரந்தர உரிமை என்ற பெயரில் நீதிமன்றம் ஏறியவர்களிடமிருந்து, அந்த ஆசிரியரின் பேத்திக்கு வந்தது நன்கொடை. உரிமையாக ஒரு பென்னியும் வரவில்லை.

1769ல் வியாபாரிகள் ஜெயித்தார்கள். ஜேம்ஸ் தாம்சன் என்ற கவிஞரின் பருவங்களைப் பற்றிய நெடுங்கவிதையை விலைக்கு வாங்கியிருந்த ஆண்ட்ரூ மில்லர், அதை மறுபதிப்புச் செய்த ராபர்ட் டெய்லர் மீது வழக்குப் போட்டிருந்தார். கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் உரிமை நிரந்தரம் என்றது. மறுத்தவர் நீதிபதி யேட்ஸ். தீர்ப்பு வரும் முன்பே மில்லர் இறந்துவிட்டார். அவர் வைத்திருந்த உரிமைகள் ஏலத்துக்கு வந்தபோது தாமஸ் பெக்கெட்டும் அவர் கூட்டாளிகளும் தாம்சன் கவிதைகளை 505 பவுண்டுக்கு எடுத்தார்கள். கவிஞர் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

எதிரே வந்தவர் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் டொனால்ட்சன். அவரும் வியாபாரிதான், அறப்போராளி கிடையாது. கெடு முடிந்த நூல்களை அச்சடித்து, லண்டனிலேயே கடை திறந்து, அங்குள்ள விலையைவிட மூன்றில் ஒரு பங்கு, சில நூல்களில் பாதி வரை குறைத்து விற்றார். ஸ்காட்லாந்து நீதிமன்றம் 1773ல் நிரந்தர உரிமை என்று ஒன்று இல்லை என்று சொல்லியிருந்தது. தாம்சன் கவிதைகளை அச்சடித்ததற்காகத் தன்மேல் பெக்கெட் வாங்கியிருந்த தடையாணையை எதிர்த்து, டொனால்ட்சன் பாராளுமன்றத்தின் மேலவையும் அன்று நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமுமான பிரபுக்கள் சபைக்குப் போனார். 1774 பிப்ரவரி 22ல் தீர்ப்பு: அச்சான நூலுக்கு 1710 சட்டம் தரும் காலம் மட்டுமே உரிமை. அந்த வழக்கில் சபை உறுப்பினரான கேம்டன் பிரபு பேசியதைப் படித்தால் இந்த முழு வரலாற்றின் மேலும் ஒரு விளக்கு விழும். நிரந்தர உரிமைக்குச் சான்றாக நீங்கள் கொண்டுவந்திருப்பதெல்லாம் அரச சலுகைகள், ஸ்டார் சேம்பர் ஆணைகள், ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் உள்விதிகள். கொடுங்கோன்மையின் மிச்சங்களான இவற்றிலா நாட்டின் பொதுச் சட்டத்தைத் தேடுவது என்று கேட்டார். இதை அனுமதித்தால் நம் அறிவெல்லாம் டான்சன்கள் கையில் பூட்டப்பட்டு, அவர்கள் பேராசை சொல்லும் விலைக்கு நாம் அடிமையாவோம் என்றார். டான்சன் என்ற பெயரையே சொன்னார்.

சில நாளிலேயே லண்டன் வியாபாரிகள் பாராளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு ஓடினார்கள். சுமார் 2,00,000 பவுண்டு மதிப்புள்ள சொத்து ஒரே தீர்ப்பில் ஒன்றுமில்லாமல் போனதாக அன்றைய செய்தித்தாள் எழுதியது. காமன்ஸ் சபை இரங்கி மசோதாவை நிறைவேற்றியது, பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு பழைய கவிஞர்கள் கைக்கடக்கமான மலிவுப் பதிப்புகளில் வெள்ளமாக வந்தார்கள். ஜான் பெல் என்பவர் 109 சிறு தொகுதிகளில் ஆங்கிலக் கவிஞர்களை வெளியிட்டார். லண்டன் வியாபாரிகளும் போட்டிக்கு ஒரு வரிசையைத் தொடங்கி, முன்னுரைகள் எழுத ஜான்சனை அமர்த்தினார்கள். மேலே சொன்ன மில்டன் பேத்தியின் செய்தியை ஜான்சன் எழுதி வைத்தது அந்த வரிசைக்காகத்தான்.

ஆகவே, வியாபாரிகளின் சதி என்று முழுதாக ஒதுக்குவதும் தவறு, எழுத்தாளர் நலச் சட்டம் என்று முழுதாக நம்புவதும் தவறு என்பது என் கருத்து. 1842ஐப் பாருங்கள், அணிகளே மாறியிருக்கின்றன. இந்த முறை நீண்ட காலம் கேட்டுப் போராடியவர்கள் எழுத்தாளர்கள். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் முன்னணியில் இருந்தார், டால்ஃபோர்ட் என்ற உறுப்பினர் பாராளுமன்றத்தில் பேசினார். எதிர்த்தவர்களில் தாமஸ் டெக் போன்ற மலிவு மறுபதிப்பு வியாபாரிகள் இருந்தார்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற கோரிக்கையை 1841ல் தோற்கடித்தவர் மெக்காலே, இந்தியக் கல்வியைப் பற்றிய குறிப்பால் நமக்கெல்லாம் தெரிந்த அதே மெக்காலே. பதிப்புரிமை என்பது எழுத்தாளருக்குப் பரிசு கொடுக்க வாசகர் மேல் போடும் வரி என்றார். வரி தேவைதான், ஆனால் இறந்தவருக்குப் பின் அது யாருக்குப் போகிறது என்று கேட்டு, டான்சனின் தடையாணையையும் மில்டன் பேத்தியின் நிதிநாடகத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். கடைசியில் ஆசிரியரின் ஆயுளும் அதற்கு மேல் 7 ஆண்டும், அல்லது 42 ஆண்டு, எது அதிகமோ அது என்று முடிவானது.

அதே கணக்கைத்தான் 1847ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு இந்தியாவிலும் சட்டமாக்கியது. இன்றைய இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. முன்பு அது 50 ஆண்டாக இருந்தது. 1941ல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு 1991 முடிவோடு காலம் தீரவிருந்த நேரத்தில்தான், அந்த உரிமையை வைத்திருந்த, தாகூர் தொடங்கிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தை மனதில் வைத்து, அவசரச் சட்டம் மூலம் அது 60 ஆக்கப்பட்டது.